ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தொடங்குங்கள்: 1924 கறுப்பின பேஸ்பால் லீக் அட்டவணையைச் சிமுலேஷனுக்காகக் கட்டும் முறை

அமெரிக்காவின் கறுப்பின பேஸ்பால் லீக்குகளின் 1924 சீசனை முதல் தடவை நான் கணினிச் சிமுலேஷனில் ஓட்டியபோது, ஹில்டேல் அணி ஃபிலடெல்பியா ஓரத்தில் இருந்த தன் சொந்த மைதானத்தில் வரிசையாக ஐந்து ஞாயிறு ஆடி, ஐந்திலும் ஜெயித்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஃபிலடெல்பியா இருக்கும் அன்றைய பென்சில்வேனியா மாநிலத்தில் ஞாயிறன்று டிக்கெட் விற்று பேஸ்பால் ஆடச் சட்டம் இடம் தரவில்லை. 1934 வரை இதே நிலைதான். நடக்கவே முடியாத ஐந்து ஆட்டங்களை நான் ரசித்துப் பார்த்திருக்கிறேன்.

மென்பொருளைக் குறை சொல்ல முடியாது. "எட்டு அணி, எல்லோருக்கும் சம ஆட்டம்" என்று கேட்டது நான்தான். அது கேட்டதைப் போட்டுத் தந்தது. கறுப்பின லீக்குகளில் அப்படிச் சமமாக ஆடி முடித்த சீசனைத் தேடிப் பிடிப்பது கடினம். மைதானம் யாருடையது, ரயில் எங்கே போகிறது, ஞாயிற்றுக்கிழமை எந்த ஊரில் கூட்டம் வரும், எந்த அணியிடம் ஜூலைக்குள் காசு தீர்ந்துபோகும் என்பவைதான் அட்டவணையை எழுதின. இந்தக் கோணலைச் சரிசெய்யாமல் அப்படியே கொண்டுவருவதுதான் நம் வேலை. புதிதாக வருகிறவர்கள் நான் இடறிய இடங்களில் இடற வேண்டாம் என்று படிப்படியாக எழுதுகிறேன்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. அந்த லீக்குகள் தங்களை "நீக்ரோ லீக்" என்றே அழைத்துக்கொண்டன. வரலாற்றாசிரியர்களும் அந்தப் பெயரையே வைத்திருக்கிறார்கள். அதனால் அமைப்பின் பெயராக வரும் இடத்தில் மட்டும் அந்தச் சொல்லை எழுதுகிறேன். மற்ற இடங்களில் கறுப்பின லீக்.

எந்த சீசன்?

வெள்ளையர் லீக்குகள் கறுப்பின வீரர்களைச் சேர்க்காமல் கதவடைத்திருந்த காலத்தில், சிகாகோ அமெரிக்கன் ஜயன்ட்ஸ் அணியின் முதலாளி ரூப் ஃபாஸ்டர் 1920 பிப்ரவரி 13 அன்று கன்சாஸ் சிட்டியில் மற்ற அணி முதலாளிகளைக் கூட்டி நீக்ரோ நேஷனல் லீக்கைத் தொடங்கினார். 1923இல் ஹில்டேல் அணியின் எட் போல்டன் தலைமையில் கிழக்கே ஈஸ்டர்ன் கலர்ட் லீக் வந்தது. 1920 முதல் 1948 வரையிலான ஏழு கறுப்பின லீக்குகளை மேஜர் லீக் (உச்ச மட்ட லீக்) தரமாக ஏற்பதாக 2020 டிசம்பரில் மேஜர் லீக் பேஸ்பால் அறிவித்தது. 2024 மே மாதம் அவற்றின் புள்ளிவிவரங்களும் அதிகாரபூர்வ ஏட்டில் சேர்ந்தன. ஆயுள் பேட்டிங் சராசரியில் வெள்ளையர் லீக் வீரர் டை காப்பின் .367ஐ முந்திக்கொண்டு கறுப்பின லீக் வீரர் ஜாஷ் கிப்சன் .372 என்று முதலிடம் பிடித்தது அப்போதுதான்.

புதியவருக்கு என் பரிந்துரை 1924. இரண்டு லீக்கும் ஓடிக்கொண்டிருக்கின்றன, இரண்டிலும் எட்டெட்டு அணிகள், முடிவில் இரு லீக் வெற்றியாளர்களும் மோதிய முதல் உலகத் தொடர் வேறு இருக்கிறது. செய்தித்தாள்களும் நன்றாகவே எழுதியிருக்கின்றன. 1932 பக்கம் மட்டும் முதலில் போகாதீர்கள். அந்த ஆண்டு தொடங்கிய ஈஸ்ட்-வெஸ்ட் லீக் சீசன் முடியும் முன்பே கலைந்துவிட்டது. அதைக் கட்டுவது அனுபவசாலிகளுக்கே தலைவலி. 1925 முதல் நீக்ரோ நேஷனல் லீக்கில் சீசனை இரண்டு பாதியாகப் பிரித்து, இரு பாதி வெற்றியாளர்களையும் மோதவிடும் முறை வந்தது. அதையும் இரண்டாவது முயற்சிக்கு வைத்துக்கொள்ளலாம்.

எந்த அட்டவணை?

இதை முதலிலேயே முடிவு செய்யாவிட்டால் பாதி வழியில் எல்லாம் குழம்பும். ஒவ்வொரு சீசனுக்கும் இரண்டு அட்டவணைகள் உண்டு. ஒன்று, வசந்தகாலத்தில் முதலாளிகள் கூடிப் பத்திரிகைக்குக் கொடுத்தது. இன்னொன்று, உண்மையில் ஆடியது. மழை, கலைந்த அணி, அதிகப் பணம் தந்த வேறொரு ஊர் அழைப்பு என்று பல காரணங்களால் இரண்டும் பிரிந்துபோகும்.

"அன்றைய அணிகள் திட்டமிட்டபடி ஆடியிருந்தால் என்னவாகியிருக்கும்?" என்று கேட்க விரும்பினால் அறிவித்த அட்டவணை. "அந்தக் கோடையை மறுபடி வாழ்ந்து பார்க்க வேண்டும்" என்றால் ஆடிய அட்டவணை. இரண்டையும் கலக்காதீர்கள். கலந்தால் ஒரே தொடர் இரண்டு தடவை வந்து உட்கார்ந்துகொள்ளும்: ஒன்று அறிவித்த தேதியில், மற்றொன்று தள்ளிவைத்து ஆடிய தேதியில். எனக்கு நேர்ந்திருக்கிறது. நான் "ஆடிய அட்டவணை"க் கட்சி; கீழே சொல்வதெல்லாம் அதற்கே. அறிவித்த அட்டவணையை இடைவெளி நிரப்ப மட்டும் பயன்படுத்துகிறேன்.

இன்னொரு சபலம் வரும்: எல்லா அணிக்கும் 154 ஆட்டம் போட்டுவிடலாமே என்று. அன்றைய வெள்ளையர் மேஜர் லீக்குகளின் கணக்கு அது. 1924இல் கன்சாஸ் சிட்டி மோனார்க்ஸ் ஏறக்குறைய 80 லீக் ஆட்டம் ஆடியது; ஊர் ஊராகச் சுற்றிய கியூபன் ஸ்டார்ஸ் கணக்கு 50ஐ ஒட்டியே நின்றது. குறைவாக இருக்கிறதே என்று கூசத் தேவையில்லை. கொரோனா ஆண்டான 2020இல் மேஜர் லீக்கே 60 ஆட்டத்தை முழு சீசனாக எண்ணிக்கொண்டது.

எங்கே தேடுவது

தொடக்கத்துக்கு சீம்ஹெட்ஸ் தரவுத்தளம். வீரர் விவரம், அணி விவரம் எல்லாம் இலவசம். பேஸ்பால் ரெஃபரன்ஸ் தளத்திலும் 2021 முதல் கறுப்பின லீக் பக்கங்கள் இருக்கின்றன. ரெட்ரோஷீட் ஆட்டவாரியான விவரங்களைத் தொகுத்து வருகிறது. அங்கிருந்து எடுத்ததை நீங்கள் வெளியே பகிர்ந்தால் அவர்களுடைய உரிமைக் குறிப்பையும் சேர்த்துப் போட வேண்டும். அது ஒன்றுதான் அவர்கள் கேட்கும் கூலி.

தரவுத்தளம் அமைதியாகிவிடும் இடத்தில் பத்திரிகை பேசும். சிகாகோ டிஃபெண்டர், பிட்ஸ்பர்க் கூரியர், பால்டிமோர் ஆஃப்ரோ-அமெரிக்கன், கன்சாஸ் சிட்டி கால், ஃபிலடெல்பியா டிரிப்யூன் ஆகிய கறுப்பின வார இதழ்கள்தான் முக்கியச் சுரங்கம். ஆஃப்ரோ-அமெரிக்கனின் பழைய இதழ்கள் பல கூகுள் செய்திக் காப்பகத்தில் ஸ்கேனாகக் கிடக்கின்றன. டிஃபெண்டருக்குப் பெரும்பாலும் நூலக உறுப்பினர் கணக்கு தேவைப்படும். உள்ளூர் வெள்ளையர் நாளிதழ்களையும் ஒதுக்காதீர்கள். அவை கறுப்பின அணிகளுக்கு ஒன்றிரண்டு வரிக்கு மேல் கொடுக்க மாட்டா, ஆனால் மறுநாளே அச்சாகிவிடுவதால் தேதியை உறுதி செய்ய அந்த ஒரு வரி போதும்.

வார இதழில் தேதி பிடிப்பது தனிக் கலை. இதழில் அச்சிட்டிருப்பது பெரும்பாலும் சனிக்கிழமைத் தேதி. 1924 ஜூன் 14 இதழில் "கடந்த ஞாயிறு" என்றிருந்தால் ஜூன் 8. ஆனால் வெளியூர்ச் செய்தி தபாலில் வந்து சேர்ந்திருந்தால் அதே "கடந்த ஞாயிறு" ஜூன் 1 ஆகவும் இருக்கலாம். முந்தைய வார இதழைப் புரட்டிப் பார்க்காமல் எந்தத் தேதியையும் எழுதாதீர்கள்.

ஒரு குறுக்குவழி: 1924இன் நாட்காட்டியும் 2008இன் நாட்காட்டியும் ஒன்றே. இரண்டும் செவ்வாயில் தொடங்கும் லீப் ஆண்டுகள். 2008ஆம் ஆண்டுக் காலண்டரை அச்செடுத்து மேசை மேல் ஒட்டி வைத்துக்கொண்டால் கிழமை தேடி அலைய வேண்டாம். 1920 செய்கிறவர்களுக்கு 2004.

எக்ஸெல் தாள்

பத்திகள் இவை: தேதி, கிழமை, விருந்தினர் அணி, உள்ளூர் அணி, ஆடிய ஊர், மைதானம், அன்றைய எத்தனையாவது ஆட்டம், விருந்தினர் ரன், உள்ளூர் ரன், லீக் ஆட்டமா, எங்கிருந்து எடுத்தது, நம்பிக்கை.

ரன்களை ஒரே கட்டத்தில் 5-4 என்று அடித்துவிடாதீர்கள். எக்ஸெல் அதைத் தேதியாக மாற்றிவிடும், நாற்பது வரி கடந்த பிறகுதான் கண்ணில் படும். அதேபோல ஆண்டை 24 என்று சுருக்கினால் 2024 என்று எடுத்துக்கொள்ளும், கிழமையெல்லாம் தப்பாகும். நான்கு இலக்கமும் அடியுங்கள்.

கடைசிப் பத்தியான நம்பிக்கைக்கு நான் வைத்திருப்பது நான்கு எழுத்து. முழு பாக்ஸ் ஸ்கோர் (வீரர்வாரியான ஆட்டக் கணக்கு) கிடைத்தால் அ. முடிவு மட்டும் கிடைத்தால் ஆ. "நாளை இன்ன அணி வருகிறது" என்ற அறிவிப்பு மட்டும் என்றால் இ. என் ஊகம் என்றால் ஈ. ஆறு மாதம் கழித்து ஒரு ஆட்டத்தை நீக்கலாமா கூடாதா என்ற கேள்வி வரும்போது இந்த ஓரெழுத்து சொல்லும் பதிலை உங்கள் ஞாபகம் சொல்லாது. ஈ போட்டவை மொத்தத்தில் ஐந்தில் ஒன்றைத் தாண்டினால், நீங்கள் கட்டுவது வரலாற்று அட்டவணை என்று சொல்லிக்கொள்ள வேண்டாம் என்பது என் கட்சி.

ஒரே ஆட்டத்தை இரு ஊர்ப் பத்திரிகைகள் இருவிதமாக எழுதும். சிகாகோ இதழில் 6-5, கன்சாஸ் சிட்டி இதழில் 6-4. இரண்டையும் தனி ஆட்டமாகப் பதிந்துவிடுவது புதியவர்களின் வழக்கமான சறுக்கல். தேதி வாரியாக வரிசைப்படுத்தி, ஒரே நாளில் ஒரே ஜோடி இரண்டு தடவை வந்தால் அது டபுள்ஹெட்டரா (ஒரே நாளில் அடுத்தடுத்து ஆடும் இரண்டு ஆட்டம்), இரட்டைப் பதிவா என்று பாருங்கள்.

இரண்டு லீக் அணிகள் மோதினாலே லீக் ஆட்டம் என்றும் கொள்ளாதீர்கள். புள்ளிப் பட்டியலில் சேராத கண்காட்சி ஆட்டங்களை அதே அணிகள் தங்களுக்குள் நிறைய ஆடின. செய்தியில் வெளிப்படையாக எழுதாவிட்டால், அடுத்த வாரம் வெளியான புள்ளிப் பட்டியலில் வெற்றி தோல்வி எண்ணிக்கை கூடியிருக்கிறதா என்று கழித்துப் பாருங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் வேறு வழியில் பிடிபடாத பல ஆட்டங்கள் இதில் பிடிபடும்.

பெயர்க் குழப்பம்

ஜயன்ட்ஸ் என்ற பெயரில் மட்டும் 1924இல் சிகாகோ அமெரிக்கன் ஜயன்ட்ஸ், நியூயார்க்கின் லிங்கன் ஜயன்ட்ஸ், அட்லாண்டிக் சிட்டியின் பக்கராக் ஜயன்ட்ஸ், ஹாரிஸ்பர்க் ஜயன்ட்ஸ், புரூக்ளின் ராயல் ஜயன்ட்ஸ் இருந்தன. 1920க்குப் போனால் சிகாகோ ஜயன்ட்ஸ் என்று இன்னொன்று. ஃபாஸ்டரின் அமெரிக்கன் ஜயன்ட்ஸுக்கும் இதற்கும் ஊர் மட்டும்தான் ஒன்று. செயின்ட் லூயிஸ் ஜயன்ட்ஸ் 1922இல் செயின்ட் லூயிஸ் ஸ்டார்ஸ் ஆனது. பத்திரிகைத் தலைப்பில் வெறும் "ஜயன்ட்ஸ்" என்று இருந்தால் அந்த இதழ் எந்த ஊருடையது என்று பாருங்கள்.

இதைவிட மோசம் கியூபன் ஸ்டார்ஸ். ஒரே பெயரில் இரண்டு அணிகள், லீக்குக்கு ஒன்று. மேற்கு அணி, கிழக்கு அணி என்று முதல் நாளே தனித்தனிக் குறியீடு கொடுத்துவிடுங்கள். இரண்டையும் ஒன்றாக்கியதால் என் முதல் தாளில் கியூபன் ஸ்டார்ஸ் ஒரே ஞாயிறன்று டெட்ராய்ட்டிலும் நியூயார்க்கிலும் ஆடியிருந்தது.

மைதானமும் கிழமையும்

இடைவெளியை நிரப்பும் திறமை முழுக்க இங்கேதான் இருக்கிறது. எனவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

சிகாகோவின் ஷார்லிங் பார்க், செயின்ட் லூயிஸின் ஸ்டார்ஸ் பார்க், டெட்ராய்ட்டின் மேக் பார்க் ஆகிய இடங்களில் கறுப்பின அணிக்குத் தேதி பிரச்சினை பெரிதாக இல்லை. மற்றவர்கள் வெள்ளையர் அணியின் மைதானத்தை வாடகைக்கு எடுத்தார்கள். கன்சாஸ் சிட்டி மோனார்க்ஸ் ஆடிய மியூல்பாக் ஃபீல்டு, வெள்ளையர் மைனர் லீக் அணியான புளூஸுடையது. பர்மிங்ஹாம் பிளாக் பேரன்ஸ் ஆடிய ரிக்வுட் ஃபீல்டு, பேரன்ஸ் அணியுடையது. வாஷிங்டன் போட்டோமாக்ஸுக்கு வெள்ளையர் மேஜர் லீக் அணியான செனட்டர்ஸின் மைதானம். அந்த அணிகள் வெளியூர் போயிருக்கும் நாட்களே இவர்களுக்கு வாய்த்த நாட்கள்.

இதில் நமக்கு ஒரு லாபம் இருக்கிறது. வெள்ளையர் அணிகளின் அட்டவணை ஒன்று விடாமல் பதிவாகியிருக்கிறது. செனட்டர்ஸின் 1924 ஆட்டங்களை ரெட்ரோஷீட்டில் இறக்கி, அவர்கள் ஊரில் இருந்த நாட்களை உங்கள் தாளில் சிவப்பாக்குங்கள். மிச்சமிருக்கும் வெள்ளை நாட்களில்தான் போட்டோமாக்ஸின் உள்ளூர் ஆட்டங்கள் இருந்திருக்க முடியும். தேதி தெரியாத ஒரு தொடரை எங்கே வைப்பது என்ற கேள்வி பல நேரம் இந்த ஒரு வேலையிலேயே தீர்ந்துவிடும். புளூஸுக்கும் பேரன்ஸுக்கும் அந்தந்த ஊர் நாளிதழில் அட்டவணை கிடைக்கும்.

அடுத்தது கிழமை. ரசிகர்களில் பெரும்பாலோர் வாரம் ஆறு நாள் உழைக்கும் மக்கள். டிக்கெட் வசூல் ஞாயிற்றுக்கிழமையைச் சுற்றியே இருந்தது. மேற்கே, அதாவது நீக்ரோ நேஷனல் லீக்கில், ஒரு தொடர் சனி அல்லது ஞாயிறு தொடங்கி, ஞாயிறன்று டபுள்ஹெட்டர் ஆடி, திங்கள் செவ்வாயில் முடியும். வாரத்தின் மிச்ச நாட்களில் சிற்றூர்களின் அமெச்சூர், அரைத்தொழில் அணிகளோடு ஆடிக் கைச்செலவுக்குத் தேற்றுவார்கள். ஆகவே முதலில் எல்லா அணிகளுக்கும் ஞாயிறுகளை மட்டும் நிரப்புங்கள். எலும்புக்கூடு தயாரானதும் சனி, திங்கள் தானாக ஒட்டிக்கொள்ளும். புதன், வியாழனைக் காலியாக விடத் தயங்காதீர்கள்.

கிழக்கே கணக்கு வேறு. பென்சில்வேனியாவில் ஞாயிறு ஆட்டம் கிடையாது என்பதால் ஹில்டேலும் ஹாரிஸ்பர்க்கும் சனிக்கிழமை ஊரில் ஆடிவிட்டு ஞாயிறன்று நியூயார்க், பால்டிமோர், அட்லாண்டிக் சிட்டி பக்கம் ரயில் ஏறும். எல்லாம் பக்கத்து ஊர்கள். நாலு நாள் தொடருக்குத் தேவையும் இல்லை. ஒற்றை ஆட்டமும் டபுள்ஹெட்டருமாக ஈஸ்டர்ன் கலர்ட் லீக் அட்டவணை துண்டு துண்டாகத் தெரிந்தால் பதறாதீர்கள், அப்படித்தான் தெரிய வேண்டும்.

விடுமுறைகளைக் கையால் நிரப்புங்கள். 1924இல் போர்வீரர் நினைவு தினமான மே 30 வெள்ளி, ஜூலை 4 வெள்ளி, செப்டம்பர் 1 தொழிலாளர் தினம் திங்கள். மூன்றுமே வார இறுதியோடு ஒட்டி வருகின்றன. எந்த முதலாளியும் அந்த நாட்களை வீணாக்கியிருக்க மாட்டார்.

ரயில் பாதையையும் பாருங்கள். பர்மிங்ஹாமும் மெம்ஃபிஸும் தெற்கே தனித்துக் கிடந்தன. சிகாகோவிலிருந்து பர்மிங்ஹாம் 600 மைலுக்கு மேல். ஒரு வடக்கத்தி அணி அவ்வளவு தூரம் செலவழித்துப் போனால் இரண்டு ஊரிலும் அடுத்தடுத்து ஆடிவிட்டுத்தான் திரும்பும். உங்கள் அட்டவணையில் ஒரு அணி செவ்வாயன்று பர்மிங்ஹாமில் ஆடி, புதனன்று டெட்ராய்ட்டில் ஆடினால், எங்கோ ஒரு தேதி தவறு.

சிகாகோ அமெரிக்கன் ஜயன்ட்ஸுக்கு ஊரில் ஆடும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதலாக இருப்பதை விரைவில் கவனிப்பீர்கள். லீக் தலைவரும் அந்த அணியின் முதலாளியும் ஒருவரே. ஆட்டங்களை ஒழுங்கு செய்வதும் அவர்தான். மற்ற முதலாளிகள் அப்போதே முணுமுணுத்தார்கள். நீங்கள் நடுவராகி அதைச் சமன் செய்யப் போகாதீர்கள். மேற்குக் கியூபன் ஸ்டார்ஸுக்கு நேரெதிர் நிலை: சொந்த ஊர் என்று எதுவும் இல்லாத நாடோடி அணி. அவர்களுக்கு "உள்ளூர்" ஆட்டம் கொடுக்க மென்பொருள் பிடிவாதம் பிடித்தால், எதிரணியின் மைதானத்திலேயே கடைசியில் பேட் செய்யும் உரிமையை மட்டும் கொடுங்கள்.

பாதியில் காணாமல் போகும் அணி

1922இல் முதலாளி சி. ஐ. டெய்லர் இறந்த பிறகு இண்டியானாபொலிஸ் ஏபிசிஸ் மெல்ல மெல்லத் தேய்ந்தது. 1924 சீசன் நடுவில் லீக் அதை நீக்கி, மெம்ஃபிஸ் ரெட் சாக்ஸைக் கொண்டுவந்தது. மென்பொருளில் ஒன்பது அணி லீக்காகத் தொடங்கினால் எல்லா அமைப்பும் கெடும். எளிய வழி: எட்டாவது இடத்துக்கு ஒரே எண்ணை வைத்து, ஏபிசிஸ் வீரர்களோடு தொடங்குங்கள். மாறும் நாளில் ஆட்டத்தை நிறுத்தி, வீரர்களையும் ஊரையும் பெயரையும் மாற்றிவிட்டு, அதுவரையிலான வெற்றி தோல்விகளைத் தனித் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அழகான தீர்வு இல்லை, வேலை செய்யும்.

பிட்சரின் கை

அட்டவணை முடிந்தது என்று நினைத்து ஓட்டிப் பார்க்கும்போது ஒரு விசித்திரம் தெரியும். மோனார்க்ஸின் பிட்சர் (பந்து வீசுபவர்) புல்லட் ரோகன் கிட்டத்தட்ட எல்லா ஆட்டத்தையும் தொடங்கிவைப்பார். ஏனென்றால் வாரத்துக்கு மூன்று நான்கு லீக் ஆட்டம்தான். நடுவில் காலி நாட்கள். பேஸ்பாலில் தொடக்க பிட்சருக்குச் சில நாள் ஓய்வு வேண்டும்; உங்கள் அட்டவணையோ அந்த ஓய்வைத் தட்டில் வைத்துக் கொடுக்கிறது. உண்மையில் அந்தக் காலி நாட்களில் அணி சும்மா இருக்கவில்லை. கணக்கில் வராத கண்காட்சி ஆட்டங்களில் அதே பதினைந்து சொச்சம் வீரர்கள்தான் உழைத்தார்கள்.

அதனால் கண்காட்சி ஆட்டங்களை முழுக்க விட்டுவிடாதீர்கள். புள்ளியில் சேராத "உள்ளூர் அணி" என்று ஒரு பொம்மை அணியை உருவாக்கி வாரத்துக்கு ஓரிரு ஆட்டம் வையுங்கள். அல்லது அமைப்பில் நான்கு பிட்சர் சுழற்சியைக் கட்டாயமாக்குங்கள். ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் போன்ற அட்டை, பகடை ஆட்டக்காரர்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் யார் எந்த நாளில் வீசினார் என்று குறித்துக்கொண்டால் போதும். ரோகன் வீசாத நாளில் வெளிக்களத்தில் நின்று பேட் செய்தவர் என்பதையும் மறக்காதீர்கள். அவரைப் பிட்சராக மட்டும் பதிந்தால் மோனார்க்ஸின் பாதி பலம் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்.

கோப்பாக மாற்றுவது

அவுட் ஆஃப் தி பார்க் பேஸ்பால் விளையாட்டை எடுத்துக்கொள்கிறேன். பெரும்பாலோர் அதைத்தான் வைத்திருக்கிறார்கள். அதன் அட்டவணைக் கோப்பு எல்எஸ்டிஎல் என்ற பின்னொட்டோடு இருக்கும், உள்ளே சாதாரண எக்ஸ்எம்எல். நோட்பேடில் திறக்கலாம். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு வரி: சீசனின் எத்தனையாவது நாள், நேரம், விருந்தினர் அணி எண், உள்ளூர் அணி எண். தேதியோ அணியின் பெயரோ அதில் வராது.

வெறுங்கோப்பிலிருந்து தொடங்காதீர்கள். உங்கள் லீக்கை அணிகளோடு உருவாக்கி, விளையாட்டையே ஒரு அட்டவணை போடச் சொல்லி, அதை நகலெடுத்து, ஆட்ட வரிகளை மட்டும் மாற்றுங்கள். தலைப்பு வரியில் லீக் அமைப்பு, அணி எண்ணிக்கை, தொடக்க நாள், கிழமை எல்லாம் இருக்கும். அமைப்பு பொருந்தாவிட்டால் விளையாட்டு உங்கள் கோப்பை ஏற்காது. எக்ஸெலில் நாள் எண் என்பது ஆட்டத் தேதியிலிருந்து தொடக்கத் தேதியைக் கழித்து ஒன்று கூட்டுவது. அதைச் சூத்திரமாக்கி, வரியையும் சூத்திரத்தாலேயே ஒட்டிக்கொள்ளலாம். 1924 தேதிகளை எக்ஸெல் சிக்கலின்றிக் கணக்கிடும். டபுள்ஹெட்டர் என்றால் அதே நாள், அதே ஜோடி, நேரம் மட்டும் வேறாக இரண்டு வரி. மின்விளக்கு பற்றிக் கவலை வேண்டாம், ஜே. எல். வில்கின்சன் மோனார்க்ஸுக்காக விளக்குகளை லாரியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனது 1930இல்தான். 1924இல் எல்லாமே பகல் ஆட்டம்.

ஓட்டும் முன் மூன்றே சோதனை. எந்த அணியாவது ஒரே நாளில் இரு ஊரில் இருக்கிறதா? பென்சில்வேனியாவில் ஞாயிறு ஆட்டம் நுழைந்திருக்கிறதா? அணிவாரியாக மொத்த ஆட்ட எண்ணிக்கை அன்றைய புள்ளிப் பட்டியலோடு ஒத்துப்போகிறதா? மூன்றாவதில் ஒன்றிரண்டு குறைந்தால் விட்டுவிடுங்கள். அன்றைய பட்டியல்களே ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை.

அக்டோபர்

உலகத் தொடரை மென்பொருளின் தானியங்கி பிளேஆஃபிடம் விடாமல் கையால் எழுதுங்கள். லீக் வெற்றியாளர்களான மோனார்க்ஸும் ஹில்டேலும் அக்டோபர் 3 அன்று ஃபிலடெல்பியாவில் தொடங்கினார்கள். இரண்டு ஆட்டம் முடிந்ததும் ஞாயிறு வந்தது. ஃபிலடெல்பியாவில் ஆட முடியாது, பால்டிமோருக்குப் போனார்கள். அங்கே நடந்த மூன்றாவது ஆட்டம் 13 இன்னிங்ஸ் நீண்டு, 6-6 என்ற கணக்கில் இருட்டில் நின்றுபோனது. பிறகு கன்சாஸ் சிட்டி, கடைசியில் இரண்டு அணிக்கும் சொந்தமில்லாத சிகாகோ. பத்தாவது ஆட்டத்தில் மோனார்க்ஸின் மேலாளர் ஹோசே மெண்டெஸ், வயது முப்பதுகளின் பின்பாதியில், தானே வீசி 5-0 என்று முடித்தார். தொடர் 5-4, ஒரு டிரா.

எனவே ஒன்பது ஆட்டத் தொடருக்குப் பத்து வரி எழுதி, நான்கு ஊர்களைப் போட்டு, வெளிச்சம் போனால் டிரா என்ற விதியை நீங்களே அமல்படுத்த வேண்டியிருக்கும். பெரும்பாலான மென்பொருள்கள் முடிவு தெரியும்வரை ஆடவிடும். 13 இன்னிங்ஸுக்குப் பிறகும் சமநிலை என்றால் நிறுத்திவிட்டு முடிவைக் கையால் பதியுங்கள். என் தாளில் ஹில்டேல் ஏழாவது ஆட்டத்திலேயே ஐந்தாவது வெற்றியை எடுத்துவிட்டது. சிகாகோவுக்கு எழுதி வைத்த மூன்று வரிகள் இன்னும் அப்படியே காலியாக இருக்கின்றன.